மோட்டார்ஹோமில் நண்பர் வீடுகளுக்கு: சான் ஹோசே முதல் பிஸ்மோ பீச் வரை ஒரு நாள்

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் இருப்பவர்கள் முதன்முதலாக மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தால் யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் என்று பெரிதாகத் திட்டம் போடுவார்கள். என்னைக் கேட்டால், முதல் பயணம் தெற்கே போகும் 101ஆம் நெடுஞ்சாலையில் இருக்கட்டும். மலை வளைவுகள் குறைவு, ஊர்கள் அடுத்தடுத்து வரும், வழியில் தெரிந்தவர்கள் யாராவது குடியிருப்பார்கள். சலினாஸில் ஒரு வீடு, பாசோ ரோபிள்ஸில் ஒரு வீடு, இரவுக்கு பிஸ்மோ பீச் கடற்கரை. மொத்தம் 200 மைல் வரும். காரில் மூன்று மணி நேரம் சொச்சம். மோட்டார்ஹோமில், இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஆகும்.

உங்கள் வழியும் நண்பர்களும் வேறாக இருக்கலாம். ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 25 அடி வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிடும். அதை நண்பர் வீட்டுத் தெருவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த மாதிரிப் பயணத்தின் உண்மையான வேலை. அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம்.

எந்த வண்டி, என்ன உரிமம்

ஓட்டுநர் இருக்கைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகைக்கு கிளாஸ் சி என்று பெயர். வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். நான்கு, ஐந்து பேர் குடும்பத்துக்கு 25 அடி நீளமே போதும். 30 அடி வண்டியில் இடம் கூடுதல்தான், ஆனால் ஊருக்குள் நுழையும்போது அந்த ஐந்து அடிக்கு நீங்கள் வருத்தப்படுவீர்கள். இருவர் மட்டும் என்றால் வேன் அளவிலான கிளாஸ் பி எடுங்கள். நிறுத்தும் தலைவலியில் பாதி அங்கேயே போய்விடும்.

கலிபோர்னியாவில் 40 அடி வரையுள்ள மோட்டார்ஹோமை சாதாரண கார் உரிமத்தை வைத்தே ஓட்டலாம். இன்சூரன்ஸ் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். உங்கள் கார் இன்சூரன்ஸ் வாடகைக் காருக்குச் செல்லும் என்பதால் மோட்டார்ஹோமுக்கும் செல்லும் என்று எண்ண வேண்டாம். உங்கள் இன்சூரன்ஸ்காரரை அழைத்து, வண்டி வகையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வாடகைக் கணக்கில் நாள் வாடகை தவிர மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, படுக்கை விரிப்புக்கும் பாத்திரங்களுக்கும் தனியாக இவ்வளவு என்று சேர்ந்துகொண்டே போகும். பாத்திரமும் போர்வையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியைக் கையில் வாங்கும்போது மூன்று எண்களை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள்: உயரம், நீளம், அகலம். உயரம் 12 அடி போல இருக்கும். வண்டியிலிருந்தே உணவு வாங்கும் டிரைவ்-த்ரூ கூரையும் பார்க்கிங் கட்டடங்களும் அதைவிடத் தாழ்வு. காரில் போகும் பழக்கத்தில் காபிக்காக அந்தப் பக்கம் திருப்புபவர்கள்தான் கூரை ஏசியை உடைத்துக்கொள்கிறார்கள். பெட்ரோலா டீசலா என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். ஃபோர்டு வண்டிகள் அநேகமாக பெட்ரோல், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல். கேலனுக்கு 8 முதல் 10 மைல் கிடைத்தால் நல்லது. அப்படியானால் இந்த ஒரு நாளுக்கு 20 முதல் 25 கேலன் பிடிக்கும்.

குழந்தைகள் இருந்தால் இருக்கைகளை வண்டி எடுக்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். கலிபோர்னியாவில் எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் பின்பக்கம், அவர்களுக்குரிய இருக்கையில்தான் உட்கார வேண்டும். இதில் 4 அடி 9 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மோட்டார்ஹோமில் முன்னோக்கிப் பார்க்கும் இருக்கைகள் கொஞ்சம்தான் இருக்கும், பக்கவாட்டு சோபாவில் சைல்டு சீட்டைக் கட்டக் கூடாது. ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் சொன்னால், ஆறு பேரும் பெல்ட் போட்டு உட்காரலாமா என்று தனியாகக் கேளுங்கள். ஓடும் வண்டியில் யாரும் எழுந்து நடக்கக் கூடாது, பின்னால் போய்ப் படுக்கவும் கூடாது. வீடு மாதிரி இருப்பதால் பெரியவர்களே இதை மறந்துவிடுகிறார்கள்.

நண்பர்களுக்குப் போன் செய்யும்போது

"என்ன சமைக்கட்டும்?" என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் நீங்கள் தெருவைப் பற்றிக் கேளுங்கள்.

"பெரிய வண்டியில் வருகிறோம்" என்றால் மினிவேனைத்தான் நினைத்துக்கொள்வார்கள். ஸ்கூல் பஸ்ஸைவிடக் கொஞ்சம் சிறியது என்று சொல்லுங்கள், உடனே புரியும். அப்புறம் கேளுங்கள்: தெரு முட்டுச்சந்தா? வண்டி திரும்ப இடம் உண்டா? மரக்கிளை, கேபிள் தாழ்வாகத் தொங்குகிறதா? தெரு பெருக்கும் நாள் எது? வீட்டுக்காரர் சங்கம், அதாவது ஹெச்ஓஏ, இருக்கிறதா? ஹெச்ஓஏ உள்ள குடியிருப்புகளில் மோட்டார்ஹோமைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் ஆட்சேபிப்பவர்கள் உண்டு. நமக்கு ஒன்றுமில்லை, நாம் போன பிறகு கடிதம் வருவது நண்பருக்கு.

தெருவை எடைபோட நான் நம்பும் ஒரே கேள்வி, "குப்பை லாரி உங்கள் வீட்டு வாசல் வரை வருகிறதா, ரிவர்ஸில் போகிறதா, நேராகத் திரும்பிப் போகிறதா?" என்பது. குப்பை லாரி ஏறத்தாழ உங்கள் வண்டி அளவுதான். அது சிரமமில்லாமல் திரும்பினால் நீங்களும் திரும்பலாம். இதோடு வாட்ஸ்அப்பில் தெருவின் படம் ஒன்று கேளுங்கள். கூகுளின் செயற்கைக்கோள் படத்தையும் ஸ்ட்ரீட் வியூவையும் பார்த்துவிட்டால் தெரு பிடிபட்டுவிடும்.

பதிலில் சிறு சந்தேகம் இருந்தாலும் தெருவுக்குள் போகவே வேண்டாம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பெரிய கடைகள் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கடை மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு, கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு, நண்பரை வந்து காரில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இது முதலில் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் படும். "வாசலில் வண்டி நிற்கிறதைப் பிள்ளைகள் பார்க்கட்டுமே" என்பார்கள். பிள்ளைகளையும் கடை வாசலுக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். அங்கேயே ஏறிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நேரம். ஒரு நாளுக்கு இரண்டு வீடு போதும், மூன்றாவதைச் சேர்க்காதீர்கள். எந்த வீட்டில் சாப்பாடு, எந்த வீட்டில் காபி மட்டும் என்பதை இரு வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பத்து மணிக்கு இட்லி, வடை, பொங்கல், ஒன்றரைக்கு முழு விருந்து, அதற்குப் பிறகு ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். காலை வீட்டில் டிபன், மதிய வீட்டில் எளிய சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் மனம் கோணாது. கிளம்பும் நேரத்தை அரை மணி முன்னதாகவே சொல்லி வையுங்கள். 11:30க்குக் கிளம்ப வேண்டுமா, "11 மணிக்குக் கிளம்பியாகணும்" என்று சொல்லுங்கள். வாசலில் நின்று பேசும் அரை மணி எப்படியும் சேரும்.

இரவு தங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். தெருவில் வண்டிக்குள் படுத்துத் தூங்குவதைப் பல கலிபோர்னிய நகரங்கள் அனுமதிப்பதில்லை, சாய்வான டிரைவ்வேயில் வண்டி சமமாக நிற்காது. "கேம்ப் கிரவுண்டுக்குப் பணம் கட்டியாச்சு" என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

முந்தின நாள்

இரவிடத்தை எப்போதோ பதிவு செய்திருக்க வேண்டும். பிஸ்மோ ஸ்டேட் பீச்சின் நார்த் பீச் கேம்ப் கிரவுண்ட், மாநிலப் பூங்காத் துறையின் ரிசர்வ் கலிபோர்னியா தளத்தில் ஆறு மாதம் முன்பே திறக்கும். கோடை வார இறுதிகள் உடனே தீர்ந்துவிடும். அங்கே மின்சாரம், தண்ணீர் இணைப்பு எதுவும் இல்லை. முதல் இரவே எல்லா வசதியும் வேண்டும் என்பவர்கள் அதே ஊரில் இந்த இணைப்புகள் (ஹூக்கப்) உள்ள தனியார் ஆர்வி, அதாவது மோட்டார்ஹோம், பூங்காவைப் பாருங்கள், வாடகை அதிகம்தான்.

வண்டி முந்தின நாளே கைக்கு வருவதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் குளிர ஓர் இரவு பிடிக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் போலக் கம்ப்ரசர் இல்லாமல் புரொபேன் கேஸின் சூட்டில் ஓடும் வகை என்றால் வண்டி ஓரளவு சமமாக நின்றால்தான் சரியாகக் குளிர்விக்கும். பொருள்களை வீட்டு ஃப்ரிட்ஜில் குளிரவைத்தே உள்ளே மாற்றுங்கள். தயிரும் மாவும் பிழைக்கும்.

தண்ணீர்த் தொட்டியை முழுதாக நிரப்ப வேண்டியதில்லை. ஒரு கேலன் 3.8 கிலோ. 40 கேலன் என்றால் 150 கிலோவைச் சும்மா சுமக்கிறீர்கள். ஓர் இரவுக்குப் பாதித் தொட்டி ஏராளம். குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீர் வையுங்கள்.

கனமான பாத்திரங்கள் கீழ் அலமாரியில், இலேசானவை மேலே. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே துண்டு வைக்காவிட்டால் சான் ஹோசேயிலிருந்து பிஸ்மோ வரை கச்சேரி கேட்கலாம். காலி டப்பாக்கள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் எதையாவது கட்டிக் கொடுக்கத்தான் போகிறார்கள். அவர்கள் டப்பாவை வாங்கினால் திருப்பித் தரும் கடன் சேரும்.

காலை எட்டு மணி

கிளம்பும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். வாசற்படி உள்ளே போயிற்றா, கூரை ஜன்னல் மூடியிருக்கிறதா, மின்கம்பி கழற்றப்பட்டிருக்கிறதா, ஃப்ரிட்ஜ் கதவும் அலமாரிகளும் பூட்டியிருக்கின்றனவா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்புமுன் இதையே செய்ய வேண்டும், அதுவும் ஒரே ஆள் செய்ய வேண்டும். "நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்" என்ற பேச்சு வராது. ஓடும்போது புரொபேன் சிலிண்டரை மூடிவைப்பதே என் வழக்கம், நாலு மணி நேரத்துக்கு ஃப்ரிட்ஜ் தாங்கும். பெட்ரோல் போடும்போது மூடியே ஆக வேண்டும்.

சான் ஹோசேயில் காலை நெரிசல் வடக்கு நோக்கித்தான், நீங்கள் தெற்கே போவதால் பிரச்சினை இல்லை. வலது தடத்தில், 60 மைலுக்குள், முன் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டுப் போங்கள். பின்னால் காரை இழுத்துச் சென்றால் சட்டப்படி வேகம் 55க்கு மேல் போகக் கூடாது. வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் வால் இடது பக்கம் வீசும். பின்சக்கரத்துக்குப் பின்னால் அவ்வளவு நீளம் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் இந்த வால்தான் கம்பத்தில் இடிக்கும். பக்கத்துக் கண்ணாடியில் வாலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள்.

போனிலுள்ள மேப்புக்கு உங்கள் வண்டி 12 அடி உயரம் என்று தெரியாது. ஆர்விக்கென்று உள்ள செயலியில் உயரம், நீளத்தைக் கொடுத்து வழி எடுங்கள். மேப் கடலோரமாகப் போகும் ஹைவே 1ஐக் காட்டி ஆசை மூட்டினால் மறுத்துவிடுங்கள். பிக் சர் பாறைகளை ஒட்டிய அந்தச் சாலை புதிய ஓட்டுநர் பெரிய வண்டியில் பழகும் இடமல்ல, நிலச்சரிவில் மூடிக்கிடக்கும் வழக்கமும் உண்டு. 2017 மே மாதம் மட் க்ரீக்கில் சரிந்த மலை, 2018 ஜூலை வரை வழியை அடைத்து வைத்திருந்தது.

கில்ராய் வரும்போது ஜன்னலைத் திறந்தால் சில நாள்களில் பூண்டு வாசனை வரும். பூண்டுக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டி மேடும் யூகலிப்டஸ் மரங்களுமாக ஒரு பகுதி, அப்புறம் சலினாஸ் சமவெளி.

முதல் வீடு: சலினாஸ்

ஒன்பதரை போல வந்துவிடுவீர்கள். தெருவில் நிறுத்துவதென்றால் நண்பர் வீட்டு வாசலுக்கே போக வேண்டியதில்லை. நேரான, அகலமான ஓரம் கிடைத்தால் இரண்டு வீடு தள்ளி நிறுத்தி நடங்கள். பக்கத்து வீட்டு டிரைவ்வேயை, தீயணைப்புக் குழாயை, தபால்பெட்டியை மறைக்காதீர்கள். முட்டுச்சந்து என்று பிறகு தெரிந்தால், உள்ளே போகாமல் வாயிலேயே நிறுத்துங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும் கட்டாயம் வந்தால், பின்னால் நின்று கைகாட்ட ஒரே ஒருவர் போதும். நம் வீடுகளில் மாமா ஒருவர், தாத்தா ஒருவர், நண்பர் ஒருவர் என்று மூன்று பேர் இறங்கி, ஒருவர் "வரலாம், வரலாம்" என்க, மற்றவர் வண்டியைத் தட்டி "ஹோல்டான்" என்பார். யாரைப் பார்த்து ஓட்டுகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டியை உடனே நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் வீட்டுக்குள் போன பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

வந்து உட்கார்ந்ததும், வண்டியைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். டிபனுக்கு முன்பே காட்டிவிடுங்கள், கிளம்பும்போது காட்ட ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் போய்விடும். செருப்பை வாசற்படியிலேயே விடச் சொல்லலாம், நம்மவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். மேல் படுக்கையில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கட்டும், ஆனால் அடுப்பு பட்டன், கழிவறை மிதி இரண்டின் பக்கமும் யாரையாவது நிறுத்துங்கள். "டாய்லெட் எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டு எல்லாரும் ஒருமுறை மிதித்துப் பார்ப்பார்கள். தொட்டியில் தண்ணீர் அதற்காக இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு வீட்டு மின்சாரத்தை எடுக்க வேண்டாம். தேவைப்பட்டால், மோட்டார்ஹோமின் பிளக் 30 ஆம்பியர், நண்பரின் கராஜ் பிளக் 15 அல்லது 20 என்பதை நினைவில் வையுங்கள். மாற்றும் அடாப்டர் கிடைக்கும். அதில் விளக்கு, போன் சார்ஜ், பேட்டரி சார்ஜ் வரை சரி. கூரை ஏசியைப் போட்டால் பிரேக்கர் விழும், அல்லது மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பி சூடாகும். கராஜ் பிளக்கில் தரைக்கசிவுப் பாதுகாப்பு இருந்தால் மோட்டார்ஹோமைச் செருகியதுமே அது துண்டிக்கலாம், வண்டி பழுது என்று பயப்பட வேண்டாம்.

கிளம்பும் முன் எல்லாரும் நண்பர் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்திவிட்டு வாருங்கள். உங்கள் தொட்டி நிரம்பாமல் இருக்கும். ஆனால் வண்டியின் கழிவை அவர்கள் வீட்டுக் குழாயில் திறந்துவிடலாமா என்று கேட்காதீர்கள். தெருவோர மழைநீர் வடிகால் பக்கமும் போகக் கூடாது. பாத்திரம் கழுவிய நீராக இருந்தாலும் அதுவும் குற்றம்தான்.

பாசோ ரோபிள்ஸ் வரை 100 மைல்

நாளின் மிகச் சுலபமான பகுதி இது. இரு புறமும் கீரை, லெட்யூஸ், ஸ்ட்ராபெரி வயல்கள். சோலெடாட், கிங் சிட்டி, சான் ஆர்டோவின் எண்ணெய்க் கிணறுகள் என்று நேராகப் போகும். மதியத்துக்குப் பிறகு மான்டெரே விரிகுடாவிலிருந்து பள்ளத்தாக்குக்குள் காற்று பலமாக வீசும். தெற்கே போகும்போது பெரும்பாலும் முதுகில்தான் அடிக்கும், ஆனால் லாரி உங்களைக் கடக்கும் நொடியில் வண்டி ஆடும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வேகத்தை ஐந்து மைல் குறையுங்கள். எதிர்த்து வெடுக்கென்று திருப்பாதீர்கள்.

பெட்ரோல் கால் தொட்டிக்கு இறங்கும் முன் கிங் சிட்டியிலோ பாசோ ரோபிள்ஸிலோ போட்டுவிடுங்கள். ஜெனரேட்டரும் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது, கால் தொட்டிக்குக் கீழே போனால் தானே நின்றுவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வழியில் கால் நீட்ட கேம்ப் ராபர்ட்ஸ் ஓய்விடம் இருக்கிறது. மாநில ஓய்விடங்களில் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் வரை நிற்கலாம், கேம்ப் போடக் கூடாது. கொஞ்சம் தள்ளி, சாலையை ஒட்டியே 1797இல் நிறுவப்பட்ட சான் மிகுவெல் மிஷன் என்ற பழைய ஸ்பானிய தேவாலயம். வயிற்றில் டிபன் இருக்கும்போது பத்து நிமிடம் நடக்க நல்ல இடம்.

இரண்டாவது வீடு

ஒன்றரை, இரண்டு மணி ஆகியிருக்கும். பாசோ ரோபிள்ஸில் கோடை மதியம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். நிழலைத் தேடி மரத்தடியில் நிறுத்துவோம் என்று தோன்றும், கிளை கூரையைக் கீறும். வெயிலிலேயே நிறுத்தி, முன்கண்ணாடியை மூடி, கூரை விசிறியை ஓடவிடுங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மாத்திரைகள், சாக்லேட், பூஜைக்கு வைத்த மெழுகுவத்தி எல்லாம் உங்களோடு வீட்டுக்குள் வரட்டும்.

இங்கே தங்குவது இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். சாப்பிட்டதும் ஓட்டுபவருக்கு இருபது நிமிடம் படுக்க இடம் கேளுங்கள், கூச்சப்படாமல். அடுத்து வருவதுதான் நாளின் ஒரே கடினமான பகுதி.

குவெஸ்டா இறக்கம்

அட்டாஸ்கடெரோ, சாண்டா மார்கரிட்டா தாண்டியதும் சாலை 1,500 அடி உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து சான் லூயிஸ் ஒபிஸ்போவை நோக்கி ஏறத்தாழ 7 சதவீதச் சரிவில் சில மைல் இறங்கும். உச்சியைக் கடக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைக் கீழே இறக்குங்கள். ஃபோர்டு வண்டிகளில் டோ/ஹால் என்ற பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சத்தம் கூடும், அது சரிதான். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வேகம் கூடும்போது ஒருமுறை நன்றாக அழுத்தி ஐந்து, பத்து மைல் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். திரும்பவும் கூடினால் திரும்பவும் அதேபோல். லாரிகளின் தடத்திலேயே, அவற்றின் வேகத்திலேயே போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்குப் பக்கத்தில் வேறு தடம் இருக்கிறது.

இறங்கியதும் காற்றே மாறிவிடும். பாசோவில் வியர்த்தவர்கள் இங்கே ஸ்வெட்டர் தேடுவார்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போவின் நடு ஊருக்குள் இந்த வண்டியை விடாதீர்கள், தெருக்கள் குறுகல், வியாழன் மாலை சந்தைக்காக ஹிகேரா தெருவையே மூடிவிடுவார்கள். உலகின் முதல் மோட்டல் 1925இல் திறந்தது இந்த ஊரில்தான். டிரைவ்-த்ரூ உணவகங்களை 1982இல் தடை செய்ததும் இதே ஊர், ஆக உங்கள் கூரை ஏசிக்கு இங்கே ஆபத்து இல்லை. பிஸ்மோ இன்னும் 12 மைல்.

இரவு

ஐந்து மணிக்குள் போய்ச் சேருவதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அப்படியானால் ஒரு வீடு மட்டும் போதும். இருட்டில், பழகாத இடத்தில், மரங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பதைத் தவிர்ப்பதற்காகத்தான் காலையிலிருந்து நேரத்தைக் கண்டிப்பாகப் பிடித்தோம்.

இடத்தில் நிறுத்தியதும் சமையல் மேடையில் ஒரு தட்டு நீரை வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றுங்கள். பிறகு கைபிரேக், பிறகு புரொபேனைத் திறத்தல். மாநிலப் பூங்காக்களில் ஜெனரேட்டர் காலை 10 முதல் இரவு 8 வரை மட்டுமே. போன்களையெல்லாம் அதற்குள் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

இரண்டு வீட்டில் சாப்பிட்ட பிறகு இரவுக்குத் தயிர்சாதம் போதும், கட்டிக் கொடுத்ததும் இருக்கும். தாளிக்கத்தான் வேண்டும் என்றால் கூரை விசிறியை முதலில் போடுங்கள். மிளகாய் கருகும் முன்பே புகை அலாரம் அலறும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். விறகு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம், மரப்பூச்சிகள் ஊர்விட்டு ஊர் போவது அப்படித்தான், அங்கேயே வாங்குங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால், கேம்ப் கிரவுண்டை ஒட்டிய யூகலிப்டஸ் தோப்பில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். குளிர்ந்த காலையில் சிறகு மூடிக் காய்ந்த இலை போலிருக்கும், வெயில் ஏறியதும் பறக்கும். பிள்ளைகளைப் பத்து மணிக்கு மேல் கூட்டிப் போங்கள்.

மறுநாள்: கழிவுத் தொட்டி, திரும்பும் வழி

யாரும் பேச விரும்பாத வேலை, ஆனால் பத்து நிமிடத்தில் முடிவது. கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள டம்ப் ஸ்டேஷனில் மட்டும்தான் செய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாயை வண்டியிலும் தரைத் துளையிலும் இறுக்கமாகப் பொருத்திய பிறகே வால்வைத் தொடுங்கள். முதலில் பிளாக் டேங்க், அதாவது கழிவறைத் தொட்டி. அது காலியானதும் மூடிவிட்டு, கிரே டேங்க், அதாவது குளியல், சமையலறை நீர். சோப்பு நீர் பின்னால் வருவதால் குழாயைத் தானே அலசிவிடும். வரிசையை மாற்றினால் குழாயை நீங்கள் அலச வேண்டியிருக்கும். கடைசியில் பிளாக் டேங்க்கில் கொஞ்சம் தண்ணீரும் அந்தத் தொட்டிக்கென்று விற்கும் மருந்தும் விட்டு மூடுங்கள். அங்கே குடிநீர்க் குழாய் என்று எழுதாத குழாயில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

திரும்பி வரும்போது அதே சாலை வேறு மாதிரி இருக்கும். குவெஸ்டா இப்போது ஏற்றம், வண்டி 40 மைலுக்குத் தணியும், எஞ்சின் சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஏசியை அணைத்துவிட்டு ஏறுங்கள். சலினாஸ் பள்ளத்தாக்கின் மதியக் காற்று இந்த முறை முகத்தில் அடிக்கும், கேலனுக்கு ஒரு மைலாவது குறையும். அதனால் காலையிலேயே புறப்பட்டு, கிங் சிட்டியைப் பகலுணவுக்கு முன் தாண்டிவிடுவது நல்லது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்குப் பத்து மைல் முன்பே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். வாடகை நிறுவனத்தின் வாசலில் இருக்கும் பங்க்கில் இந்த நீள வண்டி நுழைய இடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.